இழுப்பறையில் பூட்டிய ‘பொறு’

ஸ்டுடியோ மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சின்ன டிஸ்க் பூட்டிக் கிடக்கிறதே, அதை எந்த மெஷினிலும் சொருகக் கூடாது என்று ஏன் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். கேட்டவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ‘எல்லாத்தையும் தானா ஓட வச்ச அக்கா இத மட்டும் கையால செய்யச் சொல்லுதாவ, வயசாயிட்டு’ என்று பின்னால் ஒருவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. கண் மங்கித்தான் நான் வேலையிலிருந்து நின்றேன். காது நன்றாகவே இருக்கிறது. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதி அனுப்புகிறேன். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள், பகலில்.

நம் ஸ்டுடியோ வேலை உங்களுக்குத் தெரியும். கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, அடக்கம். கேமராக்காரர்கள் கார்டைக் கொண்டுவந்து ‘வரவு’ என்ற ஃபோல்டரில் கொட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போவார்கள். கம்ப்யூட்டரில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், டிஸ்கில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கும். புது ஃபைல் முழுசாக வந்து சேர்ந்ததும் போனுக்கு ஒரு அளவு, டிவிக்கு ஒரு அளவு என்று சுருக்கும். யாரும் பேசாமல் நீளும் இடங்களை வெட்டும். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிடும். நாகர்கோவிலில் கார்டைச் சொருகினால் தோஹாவில் போன் கிணுகிணுக்கும். நடுவில் மனிதக் கை கிடையாது. இதை எழுதியவள் நான். அது ஓட ஆரம்பித்த நாட்களில் எனக்கிருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்கிரிப்ட் தொடக் கூடாத ஒரு ஃபோல்டரும் இருந்தது. அதன் பெயர் ‘பொறு’. அதில் இருந்தவை தங்கள் அடக்கத்துக்கு என்று ஆட்கள் உயிரோடிருக்கும்போதே பேசிப் பதிந்து வைத்தவை.

எங்கள் வீட்டில் சாவைப் பற்றி நல்ல நாளில் பேசினால் அம்மா வாயிலேயே அடிப்பாள். ஆனால் நம்மிடம் வரும் சபைக் குடும்பங்களில் சில பெரியவர்கள் வேறு மாதிரி. அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு, எந்த வசனம், ஆல்பத்தில் எந்தப் போட்டோ என்று எழுதி வைத்திருப்பார்கள். உடுத்தி விடவேண்டிய வெள்ளைத் துணி அலமாரியில் மடித்துத் தயாராக இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். கடைசி நேரத்தில் யார் வந்து சேர்வார், யாருக்கு லீவு கிடைக்காது என்பது நிச்சயமில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே பேசி வைக்கிற பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவராகத் தொற்றியது. நான் சொல்லும் காலத்தில் ‘பொறு’ ஃபோல்டரில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

அதில் ஒருவர் புஷ்பபாய் டீச்சர். தக்கலை போகிற வழியில், வயலை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மகன் சாம் தோஹாவில். மகள் மஸ்கட்டில் நர்ஸ். டீச்சரின் பேச்சை நான்தான் பதிந்தேன். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், “ஒரு நிமிஷம் பிள்ளே” என்று உள்ளே போய், அடக்கத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார்.

“டீச்சர், இது வேண்டாமே” என்றேன்.

“அன்னைக்கும் இதுதானே உடுத்திருப்பேன். பெட்டிக்குள்ள ஒண்ணும் டிவிக்குள்ள ஒண்ணுமா கெடந்தா பாக்கவங்களுக்கு குழப்பமாயிரும்லா?” என்றார்.

பிறகு கேமராவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில், ஆறு நிமிடம் பேசினார். ‘நான் போயாச்சு. கர்த்தர் கூப்பிட்டாரு, போயாச்சு. யாரும் அழப்பிடாது. வந்தவங்களுக்குக் கட்டன்சாயா குடுங்க, பால்சாயாவுக்கு நேரம் காணாது. கிணத்தடிப் பலாவ வெட்டாதீங்க.’ இப்படிப் போகும். முடித்ததும், “கொள்ளாமா?” என்று கேட்டார். கொள்ளாம், நன்றாக வந்திருக்கிறது என்றேன். எனக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டு ஹால் டிவியோடு, நாம் அனுப்பும் வீடியோவை வாங்கிப் போடும் நம் சின்னப் பெட்டி ஒன்று இணைத்திருந்தது. டீச்சருக்கு ரிமோட் பிடிபடாது. ஆகவே பேரப்பிள்ளைகளின் வீடியோ எது வந்தாலும் டிவி தானாக விழித்து அதைப் போடும்படியும், யாராவது பொத்தானை அமுக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும்படியும் நான் செய்து கொடுத்திருந்தேன். “இது உள்ளது கொண்டு வீட்ல ஆளு உள்ள மாதிரி இருக்கு” என்று டீச்சர் சொன்னதை நான் பத்துப் பேரிடமாவது பெருமையடித்திருப்பேன்.

ஒரு நாள் சர்வரின் பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு நகலெடுத்தேன். மறுநாள் காலையில் புது டிஸ்கை மாட்டி, ஸ்கிரிப்டை ஓட விட்டு, ‘வரவு’ ஃபோல்டரில் ஒரு கல்யாணத்தைப் போட்டுச் சோதித்தேன். சுருக்கியது, அனுப்பியது. எழுந்து போய்க் கேமராக்காரர்களோடு நின்று சாயா குடித்தேன்.

ஒன்றை மறந்திருந்தேன். ‘இந்த ஃபோல்டரைத் தொடாதே’ என்ற உத்தரவை ஸ்கிரிப்டில் பழைய டிஸ்கின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தேன். அந்த டிஸ்க் அப்போது மேசையில் கழற்றிப் போட்டுக் கிடந்தது. புது டிஸ்கில் ‘பொறு’ என்பது ஸ்கிரிப்டுக்கு இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். இதுவரை யாருக்கும் அனுப்பாத ஏழு ஃபைல், அதனால் ஏழும் அதற்குப் புதுசு. ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்க ஆரம்பித்தது.

பத்தரை மணி இருக்கும், தோஹாவிலிருந்து சாம் கூப்பிட்டார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “எப்பம் மேடம்? எப்பம் போனாவ? எனக்க அம்மா எப்பம் போனாவ? ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே” என்றார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் விளங்கும். கழற்றிப் போட்ட டிஸ்கைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். ஒரு ஃபைல் போயிருந்தது. இரண்டாவது பாதி சுருங்கியிருந்தது. ஸ்கிரிப்டை நிறுத்தினேன். போனைக் காதில் வைத்தபடியே, டீச்சரின் ஃபைலை எல்லாக் கருவிகளிலிருந்தும் அழிக்கும் உத்தரவையும் கொடுத்தேன். அழித்தபிறகுதான் வாயைத் திறந்தேன். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் இன்றும் வெட்கம் உண்டு.

“சார், அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அம்மா நல்லா இருக்காவ. எங்க மெஷின் தப்பு இது. அம்மா பதிஞ்சு வச்சிருந்தது தெரியாம வந்துட்டு.”

“அம்மா போனு எடுக்கலியே. நாலு தடவ அடிச்சேன்.”

“பக்கத்து வீட்ல கேட்டு இப்பமே சொல்லுதேன் சார்.”

பக்கத்து வீடு லில்லி அக்கா. டீச்சருக்குக் கடை கண்ணிக்குப் போய் வருவது அவர்தான். ரேஷன் கடைக்குப் போயிருந்தவர் பத்து மணிக்குத் திரும்பியிருந்தார். டீச்சர் இருக்காவளா அக்கா என்று கேட்டேன்.

“இருக்காவ, இருக்காவ. பேசுத சத்தம் கேக்குல்லா. நான் துணி காயப் போட்டுட்டு நிக்கேன், எனக்குக் கேக்குது. யாருட்டயோ நல்லா பேசிட்டு இருக்காவ. என்னமும் சொல்லணுமா?”

“வேண்டாம் அக்கா” என்றேன்.

அந்த ‘வேண்டாம்’ எதற்காக என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். டீச்சருக்கு விஷயம் தெரியக் கூடாது என்பதற்காக. உயிரோடிருக்கிற ஒரு மனுஷியின் சாவுச் செய்தியை அவர் பிள்ளைக்கே அனுப்பிய பைத்தியக்காரி என்று அவர் என்னை நினைக்கக் கூடாது என்பதற்காக. சாமைக் கூப்பிட்டு, “அம்மா நல்லா இருக்காவ சார், பேசிட்டு இருக்காவ, பக்கத்து வீட்டு அக்கா கேட்டாவ” என்றேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு திட்டினார். திட்டு வாங்குவது அந்த நேரத்தில் சுகமாகக்கூட இருந்தது. ஷிஃப்டுக்கு நேரமாயிட்டு, போறேன் என்று வைத்துவிட்டார்.

ஸ்டுடியோ முதலாளியிடம் சொன்னேன். “மகளு பாத்தாளா?” என்றார். டூட்டியில் இருந்திருப்பாள், திறக்கவில்லை, அழித்தாயிற்று என்றேன். “பொறவு என்ன? கழிஞ்சுது. இனி இதப் பத்தி வாயத் தொறக்காத” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

உத்தரவைத் திருத்தி எழுதினேன். பிறகு, ஒரு ஒழுங்குக்காக, அந்த ஃபைல் எங்கெங்கே போனது என்று மெஷின் குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். மகன் போன்: வந்தது, திறந்தது, அழிந்தது. மகள் போன்: வந்தது, திறக்கவில்லை, அழிந்தது. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருந்தது.

வீடு, ஹால்: ஓடுகிறது.

நான் பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும்தான் எண்ணியிருந்தேன். வீட்டையும் ஒரு கருவியாக அந்தக் குடும்பத்தில் சேர்த்தவள் நானே. ஓட ஆரம்பித்த ஃபைலை நிறுத்தும்வரை பெட்டி கையிலேயே வைத்திருக்கும், நான் இங்கிருந்து அழித்தாலும் அதற்கு எட்டாது. பக்கத்தில் எண் இருந்தது. பன்னிரண்டாவது முறை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதின்மூன்று ஆனது.

லில்லி அக்கா கேட்டது யாருடைய குரல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே நல்ல வெயில். கேமராக்காரர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி லில்லி அக்காவைக் கூப்பிட்டேன். “அக்கா, டீச்சர் என்ன பேசுதாவன்னு கேக்கா?”

“அதான் பிள்ளே, நானும் நெனச்சேன். சொன்னதையே சொல்லுதாவ. பலா மரம், கட்டன்சாயான்னு. இப்ப பழையபடி மொதல்ல இருந்து தொடங்குதாவ.” அவர் குரல் இறங்கியது. “எதுத்த ஆளு ஒண்ணும் பேசலியே. யாருட்ட பிள்ளே பேசுதாவ?”

“போய்ப் பாருங்க அக்கா. நான் வாறேன்.”

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. வழியில் என்ன வந்தது, யார் வழிவிட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது. ‘நான் போயாச்சு’ என்று டீச்சர் சொன்ன அந்த ஏற்ற இறக்கம் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

லில்லி அக்கா முற்றத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முன்கதவு உள்ளே தாழ். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்தபின் பின்பக்கம் போகத் துணியவில்லை. நானும் பார்த்தேன். அரையிருட்டான ஹாலில் டீச்சர் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து, நேராக எங்களைப் பார்த்து, ‘நான் போயாச்சு’ என்றார். பதிந்தவள் நான். எந்த நாற்காலி, எந்த வெளிச்சம் என்று எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு அடி பின்னால் போனேன். ஏனென்றால் அந்த நாற்காலி டிவிக்கு எதிரிலேயே காலியாகக் கிடந்தது.

பின்பக்கம் ஓடினோம். அடுக்களைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. டீச்சர் அம்மிக்கும் கதவுக்கும் நடுவில், பழைய நைட்டியில், ஒரு கால் திரும்பிக் கிடக்க, தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அசையவில்லை. என் மனதில், சாமிடம் நான் சொன்ன வாசகம் அப்படியே ஒருமுறை வந்து போனது.

அப்போது டீச்சர் கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார்.

“வந்துட்டியளா? அடக்கம் எத்தன மணிக்கு வச்சிருக்கு?” என்று கேட்டார்.

லில்லி அக்கா அலறினார். “டீச்சரே! நீங்க சாவலியே!”

“சாவலியா?” டீச்சர் யோசித்தார். “பொறவு அங்க யாரு பேசுதது?”

நான் ஹாலுக்கு ஓடினேன். ரிமோட் கிடைக்கவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். குரல் பாதி வார்த்தையில் நின்றது. வீடு அமைதியான அந்த நொடியில்தான் அடுக்களையிலிருந்து டீச்சரின் ஓலம் வந்தது. அதுவரை வலிக்கவில்லையாம். அந்தக் குரல் நின்றபிறகுதான் தனக்கு இடுப்பு இருப்பது தெரிந்தது என்று பின்னால் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் துண்டு துண்டாக எல்லாம் வெளியே வந்தது. ஒன்பது மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். லில்லீ, லில்லீ என்று கத்தியிருக்கிறார். லில்லி அக்கா அப்போது ரேஷன் கடை வரிசையில். எப்படியும் பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள், அதுவரை விட்டுவிட்டுக் கத்தலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த நேரத்தில் ஹாலில் டிவி தானாக விழித்திருக்கிறது.

“நான் போயாச்சுன்னு நானே சொல்லுதேன் மக்கா. எனக்க குரலு எனக்குத் தெரியாதா? செரி, போயாச்சு போல, இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். பொறவு கூப்பிடல. போன ஆளு கூப்பிட்டா இருக்கவங்க பயந்துருவாங்கல்லா?”

பத்து மணிக்கு லில்லி அக்கா திரும்பி வந்து, பத்தடி தூரத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் போதும். அந்தச் சத்தத்தை டீச்சர் தொண்டையிலிருந்து எடுத்துக்கொண்டது என் ஸ்கிரிப்ட். உள்ளே எட்டிப் பார்க்கவிருந்த லில்லி அக்காவை ‘வேண்டாம்’ என்று நிறுத்தியதும் நான்.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன். நடுவில் ஒரு நாள், தேறுவது சந்தேகம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். முதலாளி சொன்னதை மீறி, சாமிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டிஸ்க், அழித்தது, ‘வேண்டாம்’ என்றது, எல்லாம். ‘உங்க மெசேஜ் வந்ததாலதான் அம்மா பிழைச்சாங்க’ என்று யாரோ உறவுக்காரர் அதற்குள் கதை கட்டியிருந்தார். அது பொய் என்றும் சொன்னேன்.

சாம், “அம்மா நல்லா இருக்காவன்னு நீங்க சொன்னதும் நான் டூட்டிக்குப் போனேன். மத்தியானம் பிரியாணி தின்னேன். நல்லா இருந்துது” என்றார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அன்று எனக்குத் தெரிந்தது, போன ஃபைல் தப்பு என்பது. அதை வைத்துக்கொண்டு, ஆள் சுகம் என்று நானாகச் சொன்னேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தப்பான செய்தி போனது என்பதால் செய்தியில் உள்ளது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. மெஷினில் நடந்ததை மெஷினில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் நடப்பதை வீட்டில் போய்த்தான் பார்க்க வேண்டும். பதற்றத்தில் இருக்கிறவனுக்கு ஆறுதல் சொல்லத் தோன்றும்போது, நீ கண்ணால் பார்த்தாயா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை என்றால், ‘எனக்குத் தெரியாது, போய்ப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அந்த வாரமே ‘பொறு’ ஃபோல்டரைச் சர்வரிலிருந்து எடுத்துத் தனி டிஸ்கில் போட்டு இழுப்பறையில் பூட்டினேன். வீட்டுக்கு நேரில் போய், ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் அதைத் திறக்க வேண்டும். இது என் வயதுக் கோளாறு இல்லை.

டீச்சர் பிழைத்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குத் தேறினார். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். ஒரு நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போகவே பயமாக இருந்தது.

“பழச அழிச்சிரு பிள்ளே. புதுசா ஒண்ணு எடுக்கணும்” என்றார்.

அதே சேலை, அதே நாற்காலி. கேமராவைப் பார்த்தார். ‘நான் போயாச்சு’ என்றார். அடுத்து, ‘இதப் பாக்கவங்க யாராவது ஒரு ஆளு எந்திச்சு மொதல்ல அடுக்களைல போய்ப் பாத்துட்டு வாங்க’ என்றார். அதன்பின் பேச்சு நின்றுவிட்டது. மறந்துபோனார் என்று நினைத்தேன். அவர் கையை மடியில் வைத்து, கேமராவை, அதாவது என்னை, இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரம் கேட்டது. கிணற்றடியில் ஒரு காக்கை கத்தி ஓய்ந்தது. அவ்வளவு நேரம் கழித்து, யாரோ உள்ளேயிருந்து திரும்பி வந்ததைப் பார்த்ததுபோல் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து பேசினார்.

முடிந்ததும், நடுவில் நீளமாகக் கிடப்பதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். நம் ஸ்கிரிப்டே அந்த மாதிரி இடத்தை வைக்காது.

“வெட்டப்பிடாது. போயிட்டு வர நேரம் வேணும்லா?” என்றார்.

ஆகவே அந்த ஒரு ஃபைலை மட்டும் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் சுருக்கினேன்.

நாலு வருடம் கழித்து ஒரு காலையில் மகள் போன் செய்தாள். அழவில்லை. “அக்கா, அம்மா தூக்கத்துலயே... நீங்க வந்து பாத்துட்டு அம்மா பேசினத எடுங்க” என்றாள். போனேன். கட்டிலில் கிடந்த டீச்சரின் கையைத் தொட்டேன். நெற்றியைத் தொட்டேன். லில்லி அக்காவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் தொட்டுவிட்டுத் தலையசைத்தார். அதன்பின் ஸ்டுடியோவுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன்.

மறுநாள் சாம் வந்து சேர்ந்ததும் அடக்கம். ஹாலில் சவப்பெட்டி. சுற்றி உறவும் சபை ஆட்களும். டிவியோடு இருந்த நம் பெட்டியில் எதுவும் தானாக ஓடக் கூடாது என்று, கையோடு கொண்டுபோயிருந்ததை நானே சொருகி நானே அமுக்கினேன். டிவியில் டீச்சர். பெட்டிக்குள்ளும் அதே வெள்ளைச் சேலை. அவர் சொன்னது சரிதான், குழப்பம் இல்லை.

‘நான் போயாச்சு. இதப் பாக்கவங்க யாராவது ஒரு ஆளு எந்திச்சு மொதல்ல அடுக்களைல போய்ப் பாத்துட்டு வாங்க.’

பேச்சு நின்றது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று சிலர் என்னைப் பார்த்தார்கள். கெடவில்லை, டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாம் எழுந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் அடுக்களைக்குள் போனார். அம்மிக்குப் பக்கத்தில் அவர் குனிவது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. தரையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் டிவியில் டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். கேமராவுக்கு இடப்பக்கம், சாம் உட்கார்ந்திருந்த பக்கம். அது எப்படி அமைந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். பதிந்த அன்று அந்தப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

‘யாரும் இல்லியே?’ என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றார் சாம்.

‘செரி. இனி அழணும்னு உள்ளவங்க அழலாம்.’